கவுஞ்சியில் நான் நடத்திய கலவரம்

நான் ஒரு கலவரம் நடத்தியிருக்கிறேன். கல்லெறியவில்லை, கொடி பிடிக்கவில்லை, தொண்டை கட்டக் கத்தவில்லை. கொடைக்கானல் வயர்லெஸ் அறையில் மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடத்தினேன். அதுவும் நாற்பது வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாக இருந்துகொண்டு, ஒரு கம்பெனிக்காரர் "உங்க தமிழே தனி சார்" என்று சொன்ன ஒரே காரணத்துக்காக. அந்த வாக்கியத்தை இன்றைக்கு யாராவது என்னிடம் சொன்னால், வெளியே போக இன்னொரு கதவு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இப்போது பழனியில் குடியிருக்கிறேன். போன மாதம் துறையிலிருந்து இரண்டு இளைஞர்கள் பார்க்க வந்தார்கள். ஆளுக்கொரு கையடக்கப் பெட்டி இடுப்பில் கொரகொரவென்று பேசிக்கொண்டே இருந்தது. "அண்ணே, உங்க காலத்துல ஒரு செய்தி போய்ச் சேர அரை மணி நேரம் ஆகுமாமே. எப்படிண்ணே சமாளிச்சீங்க?" என்று பரிதாபப்பட்டார்கள். அந்த அரை மணி நேரம்தான் எங்களைச் சமாளித்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் காபி வந்துவிட்டது. விட்டதை இங்கே எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு வருடம் மோர்ஸ் தட்டினேன். கனவிலும் தட்டியதாக என் மனைவி சொல்வாள். எழுபதுகளின் நடுவில் கொடைக்கானலுக்கு அனுப்பினார்கள். குளிர் தாங்காத மதுரைக்காரனை மலைக்கு அனுப்புவது எங்கள் துறையின் வழக்கம்.

அப்போது ஒரு செய்தி வருவது கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதுபோல. பெட்டியில் குரல் வரும். அதைத் தாளில் எழுத வேண்டும். நேரம் போட வேண்டும். எழுதியதை அனுப்பியவனுக்கே திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். அவன் சரி என்றால் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பிறகு தாளை எடுத்துக்கொண்டு அதிகாரியைத் தேடிப்போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். அதிகாரி ஏரியைச் சுற்றி நடக்கப் போயிருப்பார். நான் அவரைச் சுற்றி நடப்பேன். கையெழுத்து ஆவதற்குள் அவசரங்களில் பாதி தானாகவே அடங்கிப்போயிருக்கும். அடிதடி நடந்த ஊரில் இரண்டு தரப்பும் ஒரே கடையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்.

என் மேலதிகாரி இன்ஸ்பெக்டர் ராஜமாணிக்கம். திருமங்கலத்துக்காரர், ஒல்லி. சட்டைப்பையில் எப்போதும் கூராகச் சீவிய மூன்று பென்சில்கள் இருக்கும். அவருக்குக் கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். மற்ற அதிகாரிகள் கத்தும்போது நாங்கள் பயப்பட மாட்டோம். இவர் பேசுவது காதில் விழாமல் போகும்போதுதான் பயப்படுவோம். நான் வாரப் பத்திரிகைகளில் நகைச்சுவைத் துணுக்குகள் எழுதுவது தெரிந்ததிலிருந்து என்னைப் "புலவரே" என்பார். அதில் மரியாதை எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பத்து வருடத்தில் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் ஒரு சோதனைச் செய்தி அனுப்ப வேண்டும். அதற்கு அவர் இரண்டு விதிகள் வைத்திருந்தார். 'சோதனை' என்ற சொல்லைச் செய்தியின் தொடக்கத்தில் மூன்று தடவை, முடிவில் மூன்று தடவை சொல்ல வேண்டும். நடுவில் இருப்பது காய்கறியாக இருக்க வேண்டும்.

"சௌசௌ இருபது மூட்டை, முள்ளங்கி பதினேழு மூட்டை, வத்தலக்குண்டு லாரியில் ஏற்றியாகிவிட்டது." பத்து வருடம் இதைத்தான் வானத்தில் பரப்பினேன். ஒருநாள் பொறுக்காமல், "சார், போலீஸ் வயர்லெஸ்ல முள்ளங்கி எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "சோதனைச் செய்தியக் கேட்டு எவனாச்சும் எந்திரிச்சு பூட்ஸை மாட்டுனான்னா, அது சோதனை இல்ல புலவரே. முள்ளங்கிக்கு எவனும் பூட்ஸ் மாட்ட மாட்டான்."

கற்பனை வளம் இல்லாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

எண்பதுகளில் காலம் மாறியது. பழைய காலம் மலையேறிப் போச்சு என்பார்கள். எங்களுக்குப் புதிய காலம்தான் மலையேறி வந்தது, வேனில். அதுவரை கொடைக்கானல் போலீஸ் என்றால் கம்பும் விசிலும்தான். இரண்டு பழைய துப்பாக்கிகள் இருந்தன, வருடத்துக்கொரு முறை எண்ணெய் போட்டுத் துடைத்துப் படுக்க வைப்போம். இப்போது கீழேயிருந்து ஒரு பிளட்டூன் ஆயுதப்படை வந்து மன்னவனூரில் முகாம் போட்டது. காட்டுக்குள் கஞ்சாத் தோட்டங்களை அழிப்பது அவர்கள் சோலி. ஹெல்மெட், முகத்துக்குக் கண்ணாடி, கேடயம், புகைக்குண்டு, ஆளுக்கொரு துப்பாக்கி. பேச்சும் மாறியது. ரோந்து 'ஆபரேஷன்' ஆனது, ஊர் 'ஏரியா' ஆனது. அவர்களுடைய இளம் சப்-இன்ஸ்பெக்டர் சுறுசுறுப்பானவர், நேர்மையானவர். இரண்டு மாதமாக அவர் பிடித்தது ஜலதோஷம் மட்டும்தான்.

கூடவே இரண்டு கம்பெனிகள் வந்தன. புது வயர்லெஸ் பெட்டி வாங்கப் போகிறார்கள், மலையில் யாருடையது நன்றாக வேலை செய்கிறதோ அதற்கு ஆர்டர் என்று பேச்சு. ஒன்று பச்சைப் பெட்டி, இன்னொன்று சாம்பல் பெட்டி. பச்சைக்கு ஸ்ரீதரன் என்ற எஞ்சினியர். சாம்பலுக்கு, பெயரைக் கேட்டால் விசிட்டிங் கார்டு கொடுக்கும் ஒருவர். இருவருடைய விளம்பரத் தாளிலும் போர்க்களப் படம் இருந்தது. எங்கள் மலையில் பகை என்று இருந்தது அட்டையும் குளிரும்தான். ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எங்களுக்கும் லேசாக நெஞ்சு நிமிர்ந்தது, மறைக்க வேண்டியதில்லை.

மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் ஸ்டாப்-வாட்சோடு வருகிறார், கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் முகாமுக்குச் செய்தி போய்ச் சேர எத்தனை விநாடி என்று இரண்டு கம்பெனிக்கும் கணக்குப் பார்ப்பார் என்று உத்தரவு வந்தது. இரண்டு பெட்டிக்கும் வெவ்வேறு அலைவரிசை ஒதுக்கினார்கள். பச்சைப் பெட்டி முகாம் கூடாரத்தில் இருந்தது, அங்கே எங்கள் ஆபரேட்டர் ஆரோக்கியசாமி உட்கார்ந்திருந்தார். சாம்பல் பெட்டியை அந்தக் கம்பெனிக்காரர், ஓடும் வண்டியிலும் கேட்கும் என்று காட்டுவதற்காக, சப்-இன்ஸ்பெக்டரின் ஜீப்பில் மாட்டிவைத்தார்.

அதிகாரி வரும் அன்று காலை. அவருடைய வண்டி மலைப்பாதையில் கொதித்து நின்றுவிட்டதாகத் தகவல் வந்து, ராஜமாணிக்கம் ஸ்டேஷன் ஜீப்பை எடுத்துக்கொண்டு கீழே போயிருந்தார். ஒத்திகை பார்க்கலாம் என்றார் ஸ்ரீதரன். நான் மைக்கைப் பிடித்து முள்ளங்கியைத் தொடங்கினேன்.

"சார், சார்," என்று பதறினார். "மெட்ராஸ்ல இருந்து அவ்ளோ பெரிய ஆபீசர் வர்றார். அவர் காதுல முள்ளங்கியா விழணும்? நீங்க எழுத்தாளர் சார். போன வாரம் உங்க துணுக்கு படிச்சேன். உங்க தமிழே தனி சார். ஒரு ஆபரேஷன் மாதிரி ஏதாவது எழுதுங்களேன்."

எழுதினேன். கால் மணி நேரத்தில் எழுதினேன். அந்தத் தாள் என்னிடம் இப்போதும் இருக்கிறது: 'கவுஞ்சியில் கலவரம். மண்வெட்டி, அரிவாள்களுடன் இருநூறு பேர் திரண்டுள்ளனர். நிலைமை கட்டுக்கடங்கவில்லை. உடனே படை செல்லவும்.' கதைக்கு நம்பகத்தன்மை வேண்டும் என்பதற்காக மண்வெட்டியைச் சேர்த்தேன். மன்னவனூருக்கு அப்பாலிருக்கும் கவுஞ்சியில் உருளைக்கிழங்கு அறுவடை நடந்துகொண்டிருந்தது. அந்த ஊரில் மண்வெட்டியோடு கூட்டமாக ஆட்கள் இருந்தால் அது கலவரம் அல்ல, திங்கட்கிழமை. இது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் எழுதினேன்.

முதல் தடவை அனுப்பியபோது ஐம்பத்திரண்டு விநாடி. ஸ்ரீதரனின் முகம் சுருங்கியது. சாம்பல் பெட்டி நாற்பத்தைந்தில் முடிக்கிறதாம். "சார், அந்தச் 'சோதனை சோதனை'யே ஆறு தடவை வருது. அதுலயே எட்டு விநாடி போகுது. ஒத்திகைதானே. அத விட்டுட்டு ஒரு தடவை பாப்போம்."

எட்டு விநாடி. விட்டேன். குரலில் கொஞ்சம் பதற்றத்தைக்கூடச் சேர்த்தேன் என்று நினைக்கிறேன். ஆரோக்கியசாமி வாங்கினார், திரும்பப் படித்தார். நாற்பத்து நான்கு விநாடி! ஸ்ரீதரன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஐந்து நிமிடம் கழித்து ஆரோக்கியசாமியின் குரல் மறுபடி வந்தது. "அண்ணே, பிளட்டூனுக்கு நீங்க தனியா ஏதும் சொன்னீங்களா? ரெண்டு வேனும் ஜீப்பும் கவுஞ்சி ரோட்டுல வெரசாப் போகுதுண்ணே. எல்லாம் ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டுப் போறானுக."

நடந்தது பிறகுதான் தெரிந்தது. சாம்பல் பெட்டிக்காரர், எதிரிக் கம்பெனி எத்தனை விநாடியில் முடிக்கிறது என்று ஒட்டுக் கேட்பதற்காக, ஜீப்பிலிருந்த தன் பெட்டியைப் பச்சையின் அலைவரிசைக்குத் திருப்பிவைத்துவிட்டு, ஒரு டீ குடிக்கப் போயிருந்தார். ஜீப்பில் உட்கார்ந்திருந்தவர் சப்-இன்ஸ்பெக்டர். 'சோதனை' என்று சொன்ன முதல் தடவை அவர் அங்கே இல்லை. சொல்லாத இரண்டாம் தடவை இருந்தார். இரண்டு மாதமாகக் காத்திருந்த ஆபரேஷன், கணீரென்ற குரலில் வந்திருக்கிறது.

உடனே ஜீப்பைக் கூப்பிட்டேன். ஒருமுறை, பத்துமுறை. மன்னவனூரைத் தாண்டினால் நடுவில் மலை. ஓடும் வண்டியிலும் கேட்கும் பெட்டி, மலைக்குப் பின்னால் கேட்கவில்லை. ஆரோக்கியசாமியை ஏதாவது வண்டி பிடித்துத் துரத்தச் சொன்னேன். "இங்க ஒரு கழுதகூட இல்லண்ணே." கவுஞ்சிக்கு மிஞ்சிப்போனால் அரை மணி நேரப் பாதை. அதில் ஆறு நிமிடம் போய்விட்டது.

கவுஞ்சியில் தபாலாபீசில் ஒரு போன் உண்டு. எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டேன்.

"ஆர்டினரியா, அர்ஜெண்டா, லைட்னிங்கா சார்?" என்றது பெண் குரல்.

"லைட்னிங். அதுக்கு மேல ஏதாச்சும் இருந்தா அது."

இணைப்புக் கிடைக்கப் பன்னிரண்டு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் என் செய்தியை நான் பலமுறை படித்தேன். ஒவ்வொரு முறையும் அது இன்னும் நன்றாக இருந்தது. 'கட்டுக்கடங்கவில்லை.' எவ்வளவு எடுப்பான சொல். ஸ்ரீதரன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

போனை எடுத்தவர் போஸ்ட்மாஸ்டர் பொன்னையா. அவர் வீட்டு முன்னறைதான் தபாலாபீஸ். ஜன்னலுக்குக் கீழே படிப்படியாகக் கிழங்குத் தோட்டம். விஷயத்தைச் சொன்னேன்.

"கலவரமா? இங்கயா? எல்லாம் வெள்ளனே வந்து கெழங்கு தோண்டிக்கிட்டுக் கெடக்குதுக சார்."

"தெரியும்யா. துப்பாக்கியோட வர்றவங்களுக்குத் தெரியாது. ஆளுகளுக்குப் பெரிய தலை யாரு? கூப்பிடுங்க, உடனே."

தோட்டத்தில் வேலை செய்தவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்து குடியேறிய குடும்பங்கள். கூலிக்கு ஆள் சேர்த்து வேலை வாங்குவது செல்லம்மா என்ற அம்மாள். மூச்சு வாங்க வந்து போனை எடுத்தாள்.

"பொலிசா? நாங்க என்னங்கையா செஞ்சோம்?"

"நீங்க ஒண்ணும் செய்யலம்மா. நாங்கதான்." 'நாங்க' என்றேன், கவனியுங்கள். "ஒரு தப்பான செய்தி போயிருச்சு. கலவரம்னு நெனச்சு ஒரு படை வருது."

"துவக்கோடயா வாறாங்க?"

துப்பாக்கியை அக்கரையில் அப்படித்தான் சொல்வார்களாம். எனக்குக் கேட்காமலே புரிந்தது. "ஆமா. யாரையும் ஓடாம இருக்கச் சொல்லுங்க. மம்பட்டியக் கீழ போட்டுட்டு சும்மா நிக்கச் சொல்லுங்க."

"துவக்கக் கண்டா எங்க சனம் நிக்காதுங்கையா. ஓடி ஓடித்தான் இந்தக் கரைக்கே வந்து சேந்தோம்."

"ஓடக் கூடாதும்மா. ஓடுனா..." என்று சொல்லி நிறுத்தினேன். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஒரு வாக்கியம் முடிக்க வரவில்லை.

"சும்மா நில்லுன்னா ஒருத்தரும் நிக்க மாட்டாங்க. பெரட்டு வைக்கிறேன். பேரு கூப்புட்டா நிப்பாங்க," என்று சொல்லி ரிசீவரைப் பொன்னையாவின் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள்.

பெரட்டு என்றால் தேயிலைத் தோட்டத்தில் காலை ஆள் கணக்கு. தகரம் அடித்தால் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். பேர் கூப்பிடும்போது நிற்காதவருக்கு அன்றைக்கு வேலை இல்லை. மூன்று தலைமுறையாகக் காலில் ஏறிய பழக்கம். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் பொன்னையாவின் குரல்தான்.

"தகரத்தத் தட்டுறா சார். ஒவ்வொருத்தரா மேல ஏறி வர்றாங்க. மம்பட்டிய ஒரே எடத்துல குமிச்சுட்டாங்க. அடேயப்பா, நிக்கிறாங்க சார், வரிசையா. எங்க ஊருப் பந்தியிலகூட..."

"வண்டி வருதா பாருங்க!"

"சத்தம் கேக்குது. வந்துருச்சு. எறங்குறானுக. தலையில சட்டி, மூஞ்சியில கண்ணாடி..."

"மூன்று நிமிடம் ஆகிவிட்டது, தொடரலாமா?" என்றது எக்ஸ்சேஞ்ச் குரல்.

"தொடருங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்! பொன்னையா, அந்த ஆபீசரப் போனுக்குக் கூப்பிடுங்க!"

"துப்பாக்கிக்கு எதுக்க நான் எப்பிடி சார் போறது? நானே டெம்பரவரி சார். ஐயோ, நீட்டிட்டானுக சார். துப்பாக்கிய நீட்டிட்டானுக. ஒருத்தி ஓடுறா சார்! கைக்கொழந்தையோட மேட்டுப் பக்கம்..."

ஜன்னல் வழியாக, எங்கோ கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல், செல்லம்மாவின் குரல் என் காதுக்கே கேட்டது. பதற்றமே இல்லாத, தினப்படி அதட்டல். "ராமாயீ!"

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஸ்டாப்-வாட்ச் இல்லாமலே விநாடிகளை எண்ண அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். நாலு, அஞ்சு, ஆறு.

"நின்னுட்டா சார்," என்றார் பொன்னையா. "திரும்பி நின்னு, 'இருக்கேனுங்க'ங்கிறா. அடுத்த பேரு கூப்புடுறா சார் செல்லம்மா. துப்பாக்கியெல்லாம் எறங்குது. அந்தச் சின்ன ஆபீசரு, என்ன செய்யிறதுன்னு தெரியாம நிக்கிறாரு."

கொஞ்ச நேரத்தில் சப்-இன்ஸ்பெக்டர் போனுக்கு வந்தார்.

"கலவரம் எங்கே?"

"கலவரம் இல்லை சார். அது சோதனைச் செய்தி."

"செய்தியில் அப்படிச் சொல்லவில்லையே."

"சொல்லவில்லை சார்."

"ரொம்பத் தெளிவாக இருந்தது," என்றார் அவர். என் எழுத்துக்கு வந்த விமரிசனங்களில் இன்றுவரை மறக்க முடியாதது அதுதான்.

போனை வைத்ததும் ஸ்ரீதரன் பதிவேட்டை என் பக்கம் மெதுவாக நகர்த்தினார். "மொதல்லயே 'சோதனை'ன்னு எழுதிருங்க சார். ஜீப்லதான் சரியாக் கேக்கலன்னு ஆகிடும். சாம்பல் பெட்டி மேல போயிரும்." பாவம், அந்த நிலையிலும் கம்பெனியை மறக்கவில்லை. நான் பேனாவைத் திறந்தேன். திறந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். 'சோ' எழுதும் அளவுக்கு ஒரு மூலையில் இடமும் இருந்தது. அப்போது வாசலில் ஜீப் வந்து நின்றது.

ராஜமாணிக்கம் மெட்ராஸ் அதிகாரியை அடுத்த அறையில் உட்கார வைத்துவிட்டு வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். செய்தி எழுதிய தாளை வாங்கி, பென்சிலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக்கொண்டே படித்தார். பிறகு ஏதோ கேட்டார். காதில் விழவில்லை. குனிந்து கேட்டேன்.

"எத்தனை தடவை 'சோதனை' சொன்னே?"

பத்து வருடத்தில் முதல்முறையாக ஒருமை. புலவரும் இல்லை.

"சொல்லல சார்."

"அப்படியே எழுது."

எழுதினேன். அதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஒன்றரை வருடம் மலையுச்சி வயர்லெஸ் கம்பத்துக்குக் காவலாக அனுப்பினார்கள். அது நியாயம். நியாயமில்லாதது மற்றதெல்லாம். மெட்ராஸ் அதிகாரி அன்றைக்கு நடந்ததை அதிசயமாகக் கேட்டுக்கொண்டார். செய்தி கிடைத்து நான்கே நிமிடத்தில் படை கிளம்பியது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பச்சைக்காரர் அனுப்பியது தங்கள் பெட்டி என்றார். சாம்பல்காரர் வாங்கியது தங்கள் பெட்டி என்றார். இரண்டுக்கும் ஆர்டர் கிடைத்தது. அடுத்த விளம்பரத் தாளில் சாம்பல் கம்பெனி 'மலைக்களத்தில் நிரூபிக்கப்பட்டது' என்று போட்டுக்கொண்டது. அந்தக் களத்தில் விளைந்தது உருளைக்கிழங்கு என்பதைப் போடவில்லை. மன்னவனூர் முகாமுக்கு இன்னும் ஒரு வேன் வந்தது.

கவுஞ்சியில் இன்னொன்றும் நடந்திருந்தது. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாத சப்-இன்ஸ்பெக்டர், செல்லம்மா பேர் கூப்பிடக் கூப்பிட ஒரு கான்ஸ்டபிளை எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், பேரும் தானாக வருகிறது, இதைவிட வசதி ஏது? எண்பத்தாறு பேர். அவர்களைக் காப்பாற்றிய வரிசையே பட்டியலாகிவிட்டது. ராஜமாணிக்கத்துக்கு இது தெரிந்ததும், அந்தத் தாளை நீக்கும்படி மூன்று கடிதம் எழுதினார். மூன்றாவதுக்குப் பதில் வந்தது: 'ஆவணம் எதிர்கால உபயோகத்துக்காகப் பராமரிக்கப்படுகிறது.'

எதிர்காலம் இரண்டு வருடத்தில் வந்தது. அதே மலையில் போளூர்ப் பக்கம் ஒரு காட்டுத்தீ. யார் வைத்தது என்று தெரியவில்லை. பட்டியலை எடுத்துக்கொண்டு வேன் நேராகக் கவுஞ்சிக்குப் போனது. ஆறு பேரைக் கூட்டிப்போய் மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அந்த ஆறு பேரில் ராமாயியின் புருஷனும் ஒருவர். அவர்களைப் பிடிக்கச் சொன்ன செய்தி என் கை வழியாகத்தான் போனது. நான்தான் அனுப்பினேன், முறைப்படி, திரும்பப் படித்துக் காட்டச் சொல்லி. அதன்பிறகு கவுஞ்சிப் பக்கமிருந்து எந்தச் செய்தி வந்தாலும், அதில் ஆள் பெயர் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன். விருப்ப ஓய்வுக்குக் காரணம் கேட்டிருந்த இடத்தில் 'குளிர்' என்று எழுதினேன்.

ஓய்வு வாங்கிய மறுவாரம் பஸ் ஏறிக் கவுஞ்சிக்குப் போனேன். செல்லம்மாவை அன்றைக்குத்தான் முதல்முறையாக நேரில் பார்த்தேன். பூண்டு காயவைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் செய்தியை எழுதியது நான்தான் என்று சொன்னேன், இந்த முறை 'நான்' என்றே. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மன்னிப்பையும் சொன்னேன். நன்றாகத்தான் வந்தது.

அவள் பூண்டைப் புரட்டுவதை நிறுத்தாமல் கேட்டு முடித்தாள்.

"உங்க ஊரு எதுங்கையா?"

"மதுரை."

"அங்கயும் தெருவெல்லாம் இருக்குமில்ல? இனிமே கலவரம் எழுதணும்னா, உங்க தெருவுல நடக்குறதா எழுதிக்குங்க."